உறவுமுறை: மற்றவை

ஒரு மனிதன் நினைவோடு இருக்கும்போதே, நினைவு தப்பினால் தனக்காக யார் முடிவெடுப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்பதைத் தீர்மானித்து, அதை முறைப்படி எழுதிப் பதிவு செய்து வைப்பது அறிவுடைமையாகும். இதை நான் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தின் வெளிச்சுவரில் நீல வண்ணத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். 'அறிவுடைமை'யில் 'றி' உதிர்ந்து விழுந்து ஆறு வருஷமாகிறது. அதைத் திரும்ப எழுதுவதற்கான கோப்பு உரிய வழியில் நகர்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

அந்தச் சுவரை ஒட்டித்தான் என் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய். தொழில் பத்திரம் எழுதுவது. உள்ளே இருப்பவர்கள் கேட்பதை வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பதும், வெளியே இருப்பவர்கள் சொல்வதை யாருக்கும் புரியாதபடி எழுதிக் கொடுப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். 'மேற்படி' போடாமல் எனக்கு வீட்டில் உப்புக் கேட்கக்கூட வராது.

ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடிக்காரர் வந்தார். நாலு கடை தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது எழுபத்தொன்று. கூடவே அவருடைய மருமகள். அந்த அம்மா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கைப்பையில் சிவப்புப் பேனா இருக்கும். என் கடைப் பலகையில் 'பத்திறம்' என்று இருந்ததைப் போன வருஷம் ஏறி நின்று திருத்தியவர் அவர்தான்.

"ஆயுசு பூரா ஊருக்கே பவர் குடுத்தவன்யா நான்" என்று உட்கார்ந்தார் கண்ணாடிக்காரர். "இப்ப நானே பவர் எழுத வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா, என் விஷயத்துல என்ன செய்யறதுன்னு இவதான் முடிவு பண்ணணும். இவ பேர்ல எழுது."

"மகன் இருக்காரே ஐயா?" என்றேன். இது என் சொந்தக் கேள்வி இல்லை. தொழில் கேட்கச் சொல்லும் கேள்வி.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்வையின் அர்த்தம் ஊருக்கே தெரியும். மகன் 'உடனடி முடிவெடுக்கும் உன்னதக் கலை' என்று மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்துகிறவர். முடிவு மாஸ்டர் என்று பேர். அந்த மாதிரி முகாமுக்குப் போய்வருவது இப்போது ஒரு நாகரிகம். போகாதவர்களை விசேஷ வீடுகளில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். முகாமில் மாஸ்டர் மேடையேறி, "மூணு எண்றதுக்குள்ள முடிவெடு!" என்று முழங்குவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அதே மாஸ்டர் ஹோட்டலுக்குப் போனால், என்ன சாப்பிடுவது என்று சப்ளையரை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். போன மாதம் நடந்த மூன்று நாள் முகாம் ஐந்து நாள் ஓடியது. எப்போது முடிப்பது என்று அவருக்கு முடிவாகவில்லை.

"அவன் நல்லவன்தான்" என்றார் கண்ணாடிக்காரர். குரல் இறங்கிவிட்டது. "அவங்கம்மா கிடந்தப்போ, வலி தெரியாம இருக்கறதுக்கு மருந்தை ஏத்தலாமான்னு டாக்டர் கேட்டார். பையன்தானே கையெழுத்துப் போடணும்? யோசிச்சுச் சொல்றேன்னான். நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம்னு பட்டியல் போட்டான். பதினோரு நாள் யோசிச்சான். பதினோரு நாளும் அவ கத்தினா. எனக்கு அப்ப காய்ச்சல், உள்ளேயே விடல. இவதான் பக்கத்துல இருந்தா. மருந்தைப் போடுங்கன்னு இவ சொன்னதுக்கு, நீங்க யாரு, மருமகள்தானே, ரத்த சொந்தத்தைக் கூப்பிடுங்கன்னுட்டாங்க."

மருமகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றுவதற்காகக் கணினியைத் திறந்தேன்.

இப்போதெல்லாம் முதலில் கணினியில் படிவத்தை நிரப்ப வேண்டும். அதிகாரம் அளிப்பவர், அதிகாரம் பெறுபவர், இருவருக்கும் உள்ள உறவுமுறை. உறவுமுறையை நாமாக எழுத முடியாது. பட்டியலில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவர், மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரர், சகோதரி. அவ்வளவுதான். கடைசியில் ஒன்று: மற்றவை.

"மருமகள் இல்லையா?" என்றார் மருமகள்.

"இல்லம்மா. மற்றவை போட்டுடலாம்."

"மற்றவர்னுதானே அண்ணே இருக்கணும்? மற்றவைன்னா அஃறிணை ஆச்சே. ஆடு, மாடு, மேசை, நாற்காலி."

"கம்ப்யூட்டருக்குத் திணையெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லி, அழுத்தினேன்.

கணினிக்குத் தெரிந்திருந்தது. சட்டென்று பக்கம் மாறி, 'மற்றவையின் விவரங்கள்' என்று புதுப் படிவம் வந்து நின்றது. எண்ணிக்கை? ஒன்று என்று போட்டேன். பெறப்பட்ட ஆண்டு? கல்யாணமான வருஷத்தைக் கேட்டுப் போட்டேன். தற்போதைய நிலை? பழுது, கழிவு, பயன்பாட்டில் உள்ளது என்று மூன்று இருந்தன.

"பயன்பாட்டில் உள்ளதுன்னு போடு" என்றார் கண்ணாடிக்காரர். "எங்க வீட்ல பயன்பாட்டுல இருக்கறதே இவ ஒருத்திதான்."

அடுத்தது, உரிமையாளர். மருமகளின் பெயரையே போட்டுப் பார்த்தேன். 'பொருளும் உரிமையாளரும் ஒன்றாக இருத்தல் ஆகாது' என்று சிவப்பில் வந்தது. காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். கை தானாகப் போய்க் கணவர் பெயரை அடித்தது. பெண்கள் படிவத்தில் கேள்வி புரியாத இடத்திலெல்லாம் கணவர் பெயரை அடித்துத்தான் எனக்குப் பழக்கம். இதுவரை ஒன்றும் சிவப்பில் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் உள்ளே போனோம். இரண்டாம் ஜன்னலில் இருப்பவர் ஓர் அம்மையார். ஜன்னலம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். படிவத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"மற்றவையைக் கொண்டுவந்திருக்கீங்களா?"

"நான்தான் மேடம்" என்றார் மருமகள்.

"நீங்க யாரு?"

"மருமகள்."

"மருமகள்னு இதுல யாரும் இல்லையே. மற்றவை, எண்ணிக்கை ஒண்ணு. அது எங்கே?"

"அந்த ஒண்ணுதான் நான்."

ஜன்னலம்மா எழுந்து எட்டிப் பார்த்தார். "அசையுமா, அசையாதா?"

"நடந்துதானே வந்தேன்?"

'அசையும்' என்று எழுதிக்கொண்டார். "சரி. பவர் பெறுபவர் இந்த இடத்துல கையெழுத்துப் போடணும். யார் போடறது?"

"நான்தான்."

"பொருள் எப்படிம்மா கையெழுத்துப் போடும்?"

"மேடம், நான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்!"

"ரேடியோகூடத்தான் பேசுது" என்றார் ஜன்னலம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தை எடுத்துச் சொல்லும் குரலில் சொன்னார். "நீங்க எதுக்கும் பொறுப்பைப் பாருங்க."

பொறுப்பு என்பது அதிகாரி. அறை வாசலில் 'பதிவு அலுவலர் (பொறுப்பு)' என்று பலகை இருக்கும். உண்மையான பதிவு அலுவலர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் நீண்ட விடுப்பில் போனார். விடுப்பில் போனவருக்காக இவர் உட்கார்ந்திருக்கிறார், நாலு வருஷமாக. பொறுப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதால், எதற்கும் தாம் பொறுப்பில்லை என்பது அவருடைய நிலைப்பாடு.

கண்ணாடிக்காரர் விஷயத்தைச் சொன்னார். பொறுப்பு கண்ணை மூடிக் கேட்டார். மிகவும் நல்ல மனிதர்.

"எனக்குப் புரியாதா ஐயா? என் வீட்லயும் மருமகள் இருக்கா. தங்கமான பொண்ணு. ஆனா அது வீடு. இது ஆபீஸ். ஒரு தடவை மற்றவைன்னு ஏறிடுச்சுன்னா ஏறினதுதான். வேணும்னா பிழைத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம்."

"குடுங்க சார், இப்பவே எழுதித் தரேன்" என்று மருமகள் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"நீங்க தர முடியாதே. பாதிக்கப்பட்டவர்தான் தரணும்."

"பாதிக்கப்பட்டவரே நான்தானே?"

"பாதிக்கப்பட்டவர்னா 'அவர்'. நீங்க ஆவணப்படி 'அது'. பாதிக்கப்பட்டதுன்னு எங்ககிட்ட படிவம் கிடையாது." பொறுப்பு வருத்தத்தோடு கையை விரித்தார். "பொருளுக்காக உரிமையாளர்தான் விண்ணப்பிக்கணும். இதோ பேர் இருக்கே. உங்க பையன்தானே? அவரை வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். "எவன் கையில என் உயிர் ஊசலாடக் கூடாதுன்னு வந்தேனோ, அவன் கையிலயே கொண்டுபோய்த் திணிக்கறீங்களே! இவ எப்பய்யா அவனுக்குச் சொத்து ஆனா?"

"உரிமையாளர் யாருன்னு நாங்களா எழுதினோம்?" என்றார் பொறுப்பு.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மகனிடம் கேட்டார்கள். "இதுல என்ன இருக்கு, போட்டுடலாம்" என்றாராம். பிறகு, "எதுக்கும் காலையில சொல்றேன்" என்றாராம். புதன்கிழமை காலையில் வீட்டுச் சுவரில் பெரிய தாள் ஒட்டி, நடுவில் கோடு போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டால் விளையும் நன்மைகள், தீமைகள். போடாவிட்டால் விளையும் நன்மைகள், தீமைகள். மத்தியானம் கண்ணாடிக்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பதினாலாவது தீமை எழுதிட்டிருக்கான்யா" என்றார். "நாளை மறுநாள் ஆபரேஷன். எனக்குச் சாகறதுல பயமில்லை. பட்டியல் முடியற வரைக்கும் கிடக்கணுமேன்னுதான் பயமா இருக்கு."

நான் அடித்த ஒரு பெயரால் வந்த வினை. "எல்லாம் நல்லபடியா நடக்கும் ஐயா" என்று, ஒன்றும் நடக்காதபோது எல்லாரும் சொல்வதைச் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு மாஸ்டர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அப்பா, மனைவி, நான். பொறுப்பின் மேசையில் தாளை விரித்து, நாலு முனையிலும் பேப்பர் வெயிட் வைத்தார். ஜன்னலம்மாவும் ஜன்னலை மூடிவிட்டு வந்துவிட்டார். வரிசையில் நின்ற முப்பது பேர் மூடிய ஜன்னலை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னா அருமையா கோடு போட்டிருக்கார்!" என்று வியந்தார் பொறுப்பு.

"சார்" என்றார் மாஸ்டர். "நான் கையெழுத்துப் போட்டா இவ மனுஷி ஆயிடுவா. நாளைக்கு ஏதாவது தப்பாப் போனா, நீதானே இவகிட்ட விட்டேன்னு என்னைக் கேப்பாங்க. போடலைன்னா, அப்பா விஷயத்துல நானே முடிவெடுக்கணும். அப்பவும் என்னைத்தான் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் நான்தான் மாட்டறேன். அதான் யோசனை." கொஞ்சம் தயங்கினார். "சும்மா ஒரு சந்தேகம் சார். இந்த மற்றவைன்னு இருக்கே, அதுக்கு முடிவெடுக்கற கடமை ஏதாவது உண்டா?"

"பொருளுக்கு என்ன கடமை?"

"நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்களா?"

"இந்த நாற்காலியை இதுவரைக்கும் யாராவது கேள்வி கேட்டிருக்காங்களா?"

"கையெழுத்து?"

"கேக்கவே மாட்டாங்க."

மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, மூன்று எண்ணுவதற்குள் முடிவெடுத்தார்.

"அப்ப என்னை அதுல போட்டுடுங்க."

"எதுல?"

"மற்றவையில. உரிமையாளர், இவ."

ஜன்னலம்மா சொன்னபடியே ஏற்றினார். எண்ணிக்கை ஒன்று, அசையும், நிலை பயன்பாட்டில் உள்ளது. அதற்கு மட்டும் கண்ணாடிக்காரர் லேசாக ஆட்சேபித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் மருமகளின் பெயரை அடித்ததும் கணினி ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு, 'உரிமையாளர் மனிதராக இருத்தல் வேண்டும்' என்று காட்டியது.

பொறுப்பு மோவாயைத் தடவினார். இருபத்தெட்டு வருஷச் சர்வீஸ் அந்த ஒரு கணத்தில் வேலை செய்தது.

"உரிமையாளர் மனிதராக இருக்கணும். இவங்க உரிமையாளர். ஆகவே, இவங்க மனிதர்" என்றார். "மனிதர்னு மாத்தி அழுத்துங்க."

அழுத்தினார்கள். அவ்வளவுதான். மருமகள் பதிவேட்டில் மனிதராகிவிட்டார். தாமாக ஆகவில்லை. அவர் பேரில் ஒரு பொருள் இருந்தபடியால் ஆனார். பவர் பத்திரம் சுடச்சுட வெளியே வந்தது.

"உக்காருங்க மேடம்" என்று ஜன்னலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். மாஸ்டர் பக்கம் திரும்பி, "அது அங்க ஓரமா நிக்கட்டும்" என்றார்.

அது ஓரமாக நின்றது. "அப்பா, இவ்வளவு லேசா நான் என்னிக்குமே இருந்ததில்லப்பா" என்றது. கண்ணாடிக்காரர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு நானும் போனேன். பத்திரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் குற்ற உணர்ச்சி. பதினொன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உள்ளே ரத்தக் கசிவு நிற்கவில்லை, மறுபடி திறக்க வேண்டும், திறந்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து என்றார். "யார் முடிவு பண்றது?"

மருமகள் பத்திரத்தை நீட்டினார். இரண்டே கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டார். "திறங்க" என்று கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் உள்ளே போனபிறகுதான் பேனா கீழே விழுந்து உருண்டது. பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கணவர் பரிவோடு பக்கத்தில் வந்தார். "காபி வாங்கிட்டு வரட்டுமா, டீயா?"

"ஏதாவது."

மாஸ்டர் அங்கேயே நின்றார். கண்ணாடிக்காரரைப் பிழைக்கவைத்து, தையல் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தபோதும் அங்கேயேதான் நின்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. அடுத்த முகாமில் தம்முடைய அனுபவத்தைச் சொன்னார். "முடிவெடுக்கும் கலையின் உச்சம், முடிவெடுக்கத் தேவையில்லாத நிலை!" கூரை மறுபடி பிய்ந்தது. திங்கட்கிழமை என் கடை வாசலில் பதினேழு பேர். எல்லாருக்கும் மற்றவை வேண்டும்.

முதலில் வந்தது யார் என்கிறீர்கள்? பொறுப்பு. "நாலு வருஷமா அடைப்புக்குறிக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கேன், போதும்" என்றார். மறுநாளிலிருந்து பொறுப்பு வந்தது, நாற்காலியில் உட்கார்ந்தது, கோப்பைப் பார்த்தது. ஆவணப்படி எழுதுகிறேன், மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்து ஜன்னலம்மா பதிந்துகொண்டது. பிறகு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், வார்டு உறுப்பினர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சட்டையில் குத்திக்கொள்ள வட்டமான வில்லை வந்தது. 'நான் மற்றவை. நீங்கள்?' அழைப்பிதழ்களில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது போல 'மற்றவை' என்று போட்டுக்கொண்டார்கள். பதியாதவர்களைப் பார்த்தால், "ஐயோ, இன்னும் நீங்களேவா எல்லாம் யோசிக்கறீங்க?" என்று உச்சுக்கொட்டினார்கள். அச்சகத்தில் வரும் தாளெல்லாம் 'மாண்புமிகு தலைவர் வந்தது, விளக்கேற்றியது' என்றே வந்தது. திருத்தக் கூடாது என்று மருமகளுக்கு மேலிடத்து உத்தரவு.

உரிமையாளர் என்ற இடத்தில் எல்லாரும் யார் பெயரைப் போட்டார்கள்? அரை நிமிஷத்தில் முடிவெடுத்தவர் ஊரில் ஒருவர்தானே? மருமகள் ஒரு நாள் என் கடைக்குப் படபடப்போடு வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"என்னண்ணே நடக்குது? வீட்டு வாசல்ல கூட்டம். பையனை எந்தப் படிப்புல சேர்க்கறதுங்கறாங்க. சுவருக்கு என்ன கலருங்கறாங்க. பொறுப்பு கோப்பைக் கட்டிக் குடுத்து அனுப்பறார். ஒருத்தர் பொண்டாட்டியோட பேசலாமா வேண்டாமான்னு கேக்கறார். என்னைக் கேக்காம என் பேரை எப்படி நீங்க போடலாம்?"

"உரிமையாளரோட சம்மதம் கேக்கற கட்டம் படிவத்துல இல்லியேம்மா" என்றேன். நான் சொன்னது சரிதான். அன்றைக்கு எழுதிய நாற்பத்தொரு படிவத்திலும் இல்லை.

"நல்லதா முடிஞ்சா அவங்கவங்க அதிர்ஷ்டம். கெட்டுப் போனா நான் சொன்னதாம். நேத்து ஒருத்தர் சுவரைக் காட்டித் திட்டிட்டுப் போறார், இந்தப் பச்சை கண்ணை உறுத்துதாம்."

போன வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கூடவே கண்ணாடிக்காரர், கைத்தடியோடு. மருமகளுக்கு வயிற்றில் கட்டி. வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பெரிதாக ஒன்றும் இருக்காது என்கிறார்கள். ஆனால் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"எனக்கு ஒரு பவர் எழுதணும் அண்ணே" என்றார். "நான் பார்த்திருக்கேன். சொல்றதுக்கு ஆள் இல்லாம கிடக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

"என் பேர்ல எழுது" என்றார் கண்ணாடிக்காரர்.

எழுதினேன். 'ஏற்கெனவே பிறருக்கு அதிகாரம் அளித்தவர், அதிகாரம் பெற இயலாது' என்று சிவப்பில் வந்தது. உள்ளே போய்க் கேட்டோம். பொறுப்பு அனுதாபத்தோடு பார்த்தது. "தன்னோட முடிவையே இன்னொருத்தர்கிட்ட குடுத்தவர், அடுத்தவங்க முடிவை எப்படி எடுப்பார்? நியாயம்தானே?" என்றது.

"இவளை நம்பினதுக்கா எனக்கு இந்தத் தண்டனை?" என்று கைத்தடியால் தரையில் தட்டினார் கண்ணாடிக்காரர். அவர் கண்ணில் தண்ணீர். "உனக்கு நான் இருக்கேன்னு சொல்லக்கூட முடியலையேம்மா."

கணவர் பெயரைப் போட்டுப் பார்த்தோம். பொருள். அச்சக முதலாளி, போன மாதமே பதிந்தாகிவிட்டது, பொருள். அக்கம்பக்கத்தில் நாலு பேர், பொருள், பொருள், பொருள், பொருள். கடைசியில் ஜன்னலம்மா பதிவேட்டையே தட்டி, நம் எல்லைக்குள் மனிதர் என்று எத்தனை பேர் பாக்கி என்று பார்த்தது. அதிகாரம் பெறத் தகுதியுள்ளவர் என்று ஒரே ஒரு பெயர் வந்தது. மருமகளின் பெயர்தான். அவருக்கு அவரே அதிகாரம் கொடுத்துக்கொள்ள முடியாது.

வெளியே வந்து தார்ப்பாய் நிழலில் நின்றோம். பிரிண்டர் யாருடைய படிவத்தையோ துப்பிக்கொண்டிருந்தது. மருமகள் ஞாபகம் வந்தவர்போல என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு நம்பிக்கை. அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

"அண்ணே, இத்தனை பேருக்கு எழுதிக் குடுத்தீங்களே. நீங்க இன்னும் மனுஷன்தானே?"

முந்தாநாள்தான் எனக்கும் ஒன்று எழுதிக்கொண்டேன். எல்லாருக்கும் எழுதும்போது நாம் மட்டும் எதற்கு விட வேண்டும் என்று. இன்னும் உள்ளே கொடுக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தனிப் பதிவேடு என்பதால் ஜன்னலம்மாவின் பட்டியலில் என் பெயர் வரவில்லை. மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு, 'ஆமாம்மா, என் பேரை எழுதுங்க' என்று சொல்லலாம். இல்லையென்றால், கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஜன்னலை நோக்கி நடக்கலாம். ஆனால் எது என்பது முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். "நான் என்ன சொல்லட்டும்?"